இருபதாவது அலைவு

ஒன்பது சீட்டுகளில் எட்டில் முப்பத்தெட்டு வினாடி என்று இருந்தது. ஒன்றில் மட்டும் நாற்பது.

பிள்ளைகள் போய்விட்ட ஆய்வகத்தில் சீட்டுகளை மேசைமேல் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு மீட்டர் நூலில் பித்தளைக் குண்டைத் தொங்கவிட்டு, அது இருபது தடவை போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அன்றைய வேலை. மூன்று முறை செய்து, மூன்று எண்களையும் பென்சிலால் எழுதி, வெளியே போகும் முன் என் மேசையிலிருந்த அட்டைப் பெட்டியில் போட வேண்டும்.

இந்த வருடம்தான் இப்படி. போன வருடம் வரை முதலில் பாடம், பிறகு சூத்திரம், அதன் பிறகு சோதனை, ஒரு வாரம் கழித்து நோட்டு. மேலிடத்திலிருந்து வந்த சுற்றறிக்கை அதைத் தலைகீழாக்கிவிட்டது. பிள்ளைகள் முதலில் கையால் செய்யட்டும், சூத்திரம் பின்னால் வரட்டும் என்றது. புத்தகங்களை வராந்தாவிலேயே வைக்கச் சொல்லிவிட்டுத்தான் எல்லோரையும் உள்ளே விட்டேன். என்ன எண் வர வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நாற்பது புள்ளி ஒன்று.

எட்டு மேசைகளுக்கு முப்பத்தெட்டு வந்ததில் எனக்கு வருத்தம் இருந்தது, ஆச்சரியம் இல்லை. அந்த வயதில் எல்லோரும் அவசரக்காரர்கள். நிறுத்துக் கடிகாரத்தை முன்னாலேயே அமுக்கிவிடுவார்கள். இருந்தாலும் எழுந்து போய் ஒரு மேசையில் நூலை அளந்தேன். நூலைக் கவ்விப் பிடித்திருந்த தக்கையின் இடுக்கிலிருந்து குண்டின் நடு வரை சரியாக ஒரு மீட்டர். நூலில் குற்றமில்லை.

என் கண் ஒன்பதாவது சீட்டில்தான் நின்றது. நாற்பது புள்ளி ஒன்று, நாற்பது புள்ளி இரண்டு, நாற்பது புள்ளி ஒன்று. அழித்தல் திருத்தல் இல்லாமல்.

அது தனியாகச் செய்தவளின் சீட்டு. வகுப்பில் முப்பத்து மூன்று பேர். நாலு நாலாகப் பிரித்தால் ஒருத்தி மிச்சம். அவளை எந்தக் குழுவும் கூப்பிடவில்லை, அவளும் போய்க் கேட்கவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால்கூடத் தலையை மட்டும் நிமிர்த்துகிற பெண். ஊமைக்கோட்டான் என்பார்கள், சுருக்கமாகக் கோட்டான். ஜன்னலோரம் கடைசி மேசையில், முதுகை எங்களுக்குக் காட்டிக்கொண்டு நின்று செய்தாள். அவள் என்ன செய்தாள் என்று யாரும் பார்க்கவில்லை. நானும்தான்.

எட்டுக் குழுக்கள் சொதப்பிய இடத்தில் தனியாளாக ஒருத்தி மூன்று முறையும் புத்தகத்து எண்ணைக் கொண்டுவந்தாள் என்றால், கை கொண்டுவந்திருக்காது என்று தோன்றியது. ஒரு சந்தேகம் வந்துவிட்டால் அது தனியாக உட்காராது. நாற்காலி இழுத்துப் போட்டு இன்னும் இரண்டு பேரைக் கூப்பிடும்.

ஆசிரியர் அறையில் கணக்கு வாத்தியாரிடம் சொன்னேன். அவர் தேர்வுத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலேயே சிரித்தார். "கோட்டானா? அவளுக்கென்ன டீச்சர், ஆய்வகமே அவங்க வீடு மாதிரி. சாவி மாமா இருக்காரே."

"அவரை எல்லாப் பிள்ளைங்களும்தானே மாமாங்கறாங்க?"

"எல்லாருக்கும் மாமா. அவளுக்கு மட்டும் நிஜ மாமா." சிவப்புப் பேனாவை மூடினார். "உங்களுக்குத் தெரியாதா? அவரோட அக்கா பொண்ணு. நல்லாருக்கு போங்க, எத்தனை வருஷமா ஒரே ரூம்ல இருக்கீங்க!"

எனக்குத் தெரியாது. சாவி மாமா ஆய்வக உதவியாளர். இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்துச் சத்தத்தை வைத்து அவர் எந்தத் திசையில் வருகிறார் என்று சொல்லிவிடலாம். பதினோரு வருடமாக ஒரே அறையில் வேலை செய்கிறோம். பேச்சு என்று பார்த்தால், குடுவை உடைந்தது, எரிவாயு தீர்ந்தது, மணி அடித்தது. இரண்டு பேரும் அதிகம் பேசாதவர்கள். அந்த அமைதியை நான் நல்ல அமைதி என்று நினைத்திருந்தேன். அன்று மாலை அதை நினைத்தபோது, ஒரு மனிதர் பதினோரு வருடம் பேசாமலிருந்தால் எவ்வளவை மறைத்து வைத்திருக்கலாம் என்றுதான் தோன்றியது.

மறுநாள் காலை, முதல் மணிக்கு முன்பே, ஆய்வகப் பீரோவின் மேல்தட்டிலிருந்த பழைய செய்முறை நோட்டுக் கட்டை இறக்கினேன். சணல் கயிற்றை அவிழ்த்து, மேலே கிடந்த நோட்டைப் பிரித்தேன். ஊசல் சோதனை. நாற்பது புள்ளி ஒன்று, நாற்பது புள்ளி இரண்டு, நாற்பது புள்ளி ஒன்று. அதே மூன்று எண்கள், அதே வரிசையில். கீழே பச்சை மையில் என் கையெழுத்து.

அந்த நிமிடத்தில் எனக்கு இருந்தது கோபம் இல்லை, ஒருவிதத் திருப்தி. அதைச் சொல்லிவிடுவதுதான் நேர்மை.

முதல் பாடவேளையிலேயே அவளை வராந்தாவுக்குக் கூப்பிட்டேன். சுவரோரம் நின்றாள்.

"இந்த எண் எங்கிருந்து வந்துச்சு?"

"எண்ணினேன் டீச்சர்."

"எப்படி எண்ணின?"

அவள் இடது கை ஒருமுறை மூடித் திறந்தது. நான் காத்திருந்தேன். காத்திருப்பது எனக்குக் கைவந்த விஷயம். வாயாடிப் பிள்ளைகள்கூட என் மௌனத்தின் முன் இரண்டு நிமிடம் தாங்க மாட்டார்கள், உளறிவிடுவார்கள். அவள் உளறவில்லை. என் பச்சைப் பேனாவைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள்.

"நான் சொல்லிக் குடுத்த மாதிரிதான் எண்ணினியா?"

அப்போது முகத்தில் ஏதோ ஓடியது. பயம். தெளிவான, கண்ணால் பார்க்கக்கூடிய பயம்.

"சொல்லும்மா. ஆமாவா, இல்லையா?"

"இல்ல டீச்சர்."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. எனக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். கதவுக்குப் பின்னால் காதை வைத்துக்கொண்டிருந்த ஒருத்தி உள்ளே ஓடி, "கோட்டான் மாட்டிக்கிச்சுடி!" என்றது எனக்கே கேட்டது. அவளுக்கும் கேட்டிருக்கும்.

தலைமையாசிரியைக்கு அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். பழைய நோட்டைப் பார்த்து எழுதியதாகச் சந்தேகிக்கிறேன், பீரோ சாவி யார் கையில் இருக்கிறது என்பதையும் கவனிக்கவும். சந்தேகிக்கிறேன் என்ற சொல்லை இரண்டு முறை போட்டேன், ஜாக்கிரதையாக எழுதுவதாக நினைத்துக்கொண்டு. காப்பியடித்தது உறுதியானால் செய்முறைக்கான இருபது மதிப்பெண்ணும் பூஜ்யமாகும் என்பது பள்ளி விதி. அந்த இருபதும் போனால் மேல்வகுப்பில் அறிவியல் பிரிவு அவளுக்குக் கிடைக்காது. சாவி மாமாவின் வேலையும் தப்பாது. இதெல்லாம் எழுதும்போதே எனக்குத் தெரியும். மதியம் மூன்று மணிக்கு விசாரணை, அவள் அம்மாவுக்குப் போன் செய்தாகிவிட்டது என்று பதில் வந்தது.

உணவு இடைவேளையில் ஆய்வகத்துக்குப் போனேன். சாவி மாமா சோதனைக் குழாய்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். விஷயம் அவர் காதுக்கு வந்துவிட்டது என்பது முதுகிலேயே தெரிந்தது.

"அவ உங்க அக்கா பொண்ணுன்னு ஏண்ணா சொல்லல?"

"நீங்க கேக்கலயே டீச்சர்."

"கேட்டாத்தான் சொல்லுவீங்களா?"

"கேக்காதவங்ககிட்ட போய், இவ எங்க வீட்டுப் பொண்ணு, பாத்துக்குங்கன்னா நல்லாவா இருக்கும்? அப்புறம் அவ நல்லா செஞ்சாலும் மாமா தயவுன்னுதான் சொல்வாங்க." குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "சொல்லாமலே அப்படித்தான் ஆச்சு."

நான் போகவில்லை, அவரும் திரும்பவில்லை. கடைசியில் அவர்தான் கேட்டார்.

"டீச்சர், காலைல நோட்டுக் கட்டை எடுத்தது நீங்கதானே?"

"நான்தான்."

"கட்டு மேல தூசி இருந்துச்சா?"

சேலைத் தலைப்பைப் பார்த்தேன். ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை இருந்தது, காலையில் துடைத்துக்கொண்டது. தட்டில் விரல் கனத்துக்குத் தூசி. நான் இழுத்த இடத்தில் மட்டும் கோடு விழுந்திருந்தது. சணல் முடிச்சை அவிழ்க்க நகம் வலித்தது. அந்தக் கட்டை மாதக்கணக்காக யாரும் தொட்டிருக்க முடியாது. காலையிலேயே இது என் கண்ணில் பட்டது. கண்ணில் பட்டதை நான் பார்க்கவில்லை.

"அப்ப அவளுக்கு அந்த எண் எப்படிண்ணா தெரியும்?"

"எனக்கென்ன தெரியும்? நான் குழாய் கழுவுறவன்." கையைத் துண்டில் துடைத்தார். "குண்டு அங்கதான் தொங்குது. அதைக் கேட்டுப் பாருங்க."

கிண்டலா, கோபமா என்று தெரியவில்லை. ஆனால் அந்த வார்த்தை என்னை மேசைப் பக்கம் தள்ளியது. கடிகாரத்தை எடுத்தேன். குண்டை ஒரு சாண் இழுத்து விட்டேன்.

"ஒண்ணு."

வகுப்பில் சொல்லிக்கொடுப்பது போலவே, விடும்போது ஒன்று. குண்டு போய்த் திரும்பியதும் இரண்டு. அடுத்து மூன்று. அவசரமில்லாமல், கண்ணை எடுக்காமல் எண்ணினேன். இருபது என்றதும் அமுக்கினேன்.

முப்பத்தெட்டு புள்ளி ஒன்று.

கடிகாரத்தைக் குலுக்கினேன். வேறு கடிகாரம் எடுத்தேன். முப்பத்தெட்டு. அடுத்த மேசைக்குப் போனேன். முப்பத்தெட்டு புள்ளி இரண்டு. சாவி மாமா குழாய்களை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் ஒன்று புரிந்தது. பதினோரு வருடம் இந்தச் சோதனையைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஒரு தடவைகூட இருபது வரை நான் எண்ணியதில்லை. ஐந்து வரை எண்ணிக் காட்டுவேன், புரிஞ்சுதா என்று கேட்பேன், புரிந்தது என்பார்கள், நகர்ந்துவிடுவேன். அப்படியானால் பீரோவிலிருக்கும் அத்தனை நோட்டிலும் நாற்பது எப்படி வந்தது? சூத்திரம் முன்னாலேயே தெரிந்த பிள்ளைகள் கையில் வந்ததை அடித்துவிட்டு, வர வேண்டியதை எழுதியிருக்கிறார்கள். நான் பச்சை மையில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என்னுடைய பள்ளி நோட்டு ஞாபகத்துக்கு வந்தது. நாற்பது புள்ளி இரண்டு என்று நானும் எழுதியிருந்தேன். கடிகாரம் என்ன காட்டியது என்று எவ்வளவு யோசித்தும் நினைவில்லை. எனக்குச் சொல்லிக்கொடுத்தவரும், விட்டதும் ஒண்ணு என்றுதான் சொன்னார்.

எது தவறு என்று மட்டும் இன்னும் பிடிபடவில்லை. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முக்காலியில் உட்கார்ந்து குண்டு ஆடி ஓயும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். நின்ற பிறகும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவளைக் கூப்பிடுங்கண்ணா" என்றேன்.

கதவருகிலேயே நின்றாள். நான் கடிகாரத்தை நீட்டினேன். "நேத்து செஞ்ச மாதிரியே செய். நான் எதுவும் பேசல."

தன் மாமாவைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். கடைசி மேசைக்குப் போனாள். நேற்றுப் போலவே முதுகைக் காட்டி நின்றாள். நான் சுற்றிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றேன்.

வலது கையில் கடிகாரம். இடது கையால் குண்டை இழுத்து விட்டாள், அதே நொடியில் கடிகாரத்தை அமுக்கினாள். வாய் திறக்கவில்லை. விட்ட கை மூடிக்கொண்டது. குண்டு போனது, வந்தது. கட்டைவிரல் திறந்தது. போனது, வந்தது. ஆள்காட்டி விரல். ஐந்து விரலும் விரிந்ததும் மறுபடி கட்டைவிரலிலிருந்து. நாலாவது முறை கை முழுதாக விரிந்தபோது அமுக்கினாள்.

நாற்பது புள்ளி ஒன்று.

"விடும்போது ஏன் விரலைத் திறக்கல?" என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

குண்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "விடும்போது இன்னும் எதுவும் ஆகலையே டீச்சர். ஆகாததை எப்படி எண்ணுறது?"

சாவி மாமா மெல்லத் தொண்டையைக் கனைத்தார். "பொறந்த அன்னைக்கே பிள்ளைக்கு ஒரு வயசுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க இல்ல" என்றார், குழாய்களிடம் சொல்வது போல.

பத்தொன்பது. இத்தனை வருடமாக நாங்கள் பத்தொன்பது அலைவுகளை எண்ணி இருபது என்று சொல்லிக்கொண்டிருந்தோம். எட்டு மேசைப் பிள்ளைகளும் அவசரப்படவில்லை. நான் சொன்னதை அப்படியே, ஒரு வினாடி பிசகாமல் செய்திருக்கிறார்கள். சொன்னபடி செய்யாதவள் ஒருத்திதான்.

"காலைல கேட்டேனே, ஏன் இதைச் சொல்லல?"

அவள் தன் கையைப் பார்த்தாள். "நீங்க ஒண்ணுன்னு சொல்லிக் குடுத்தீங்க."

மூன்று மணிக்குத் தலைமையாசிரியை அறைக்கு வெளியே பெஞ்சில் அவள் அம்மா உட்கார்ந்திருந்தார். ஜவுளிக்கடைச் சீருடை, தோளில் அளவு நாடா அப்படியே கிடந்தது, பாதி வேலையில் எழுந்து வந்திருக்கிறார். தம்பியைப் பார்த்ததும் குரலை அடக்கிக்கொண்டு சீறினார்.

"என்னடா பண்ணி வெச்சிருக்கீங்க ரெண்டு பேரும்? இருக்கற வேலையும் போயி நடுத்தெருவுல நிக்கணுமா?"

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லாததுக்கா கடைக்குப் போன் பண்ணுவாங்க?"

என்னை யாரென்று தெரியாமல் நகர்ந்து இடம் கொடுத்தார். நான் உட்காரவில்லை.

உள்ளே தலைமையாசிரியையின் மேசையில் என் அரைப் பக்கம் இருந்தது, அதன் பக்கத்தில் சீட்டும் பழைய நோட்டும். அவர் எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கிவைத்திருந்தார்.

"ஒரே மூணு எண். ஒரே வரிசை. பிள்ளையும் நீங்க சொன்ன மாதிரி செய்யலன்னு ஒத்துக்கிச்சுன்னு எழுதியிருக்கீங்க. அப்புறம் என்ன பேச்சு? முடிச்சிரலாமா?"

முடித்துவிடலாம். நான் ஆமாம் என்று தலையசைத்தால் போதும். அந்தப் பெண் அப்போதும் வாய் திறந்திருக்க மாட்டாள். சாவி மாமா பேசினால் மருமகளுக்குப் பேசுவதாகத்தான் ஆகும். அறையில் மின்விசிறிச் சத்தம். என் வாழ்க்கையில் எத்தனையோ மௌனங்களில் நான் விரும்பி இருந்திருக்கிறேன். இது அந்த வகை இல்லை.

"தப்பு என்னோடதுங்க" என்றேன். "எண்ண ஆரம்பிக்கறதை நான் தப்பாச் சொல்லிக் குடுத்திருக்கேன். பொண்ணு சரியா எண்ணியிருக்கா. நோட்டுக் கட்டை நான் எடுக்கற வரைக்கும் யாரும் தொடல. அந்தக் காகிதத்தைத் திரும்பக் குடுங்க."

தலைமையாசிரியை காகிதத்தைத் தரவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். பழைய நோட்டை என் பக்கம் திருப்பினார்.

"எல்லாப் பிள்ளைங்களுக்கும் தப்பாத்தான் சொல்லிக் குடுத்தீங்க?"

"ஆமா."

"அப்ப இந்த நோட்டுல மட்டும் நாற்பது எப்படி வந்துச்சு?"

"இந்த நோட்டுல மட்டும் இல்லங்க. மேல இருக்கற எல்லா நோட்டுலயும் நாற்பதுதான் இருக்கும்."

அவர் விரல் பச்சைக் கையெழுத்தின் மேல் வந்து நின்றது. அந்தச் சீட்டை நான் பார்த்த அதே பார்வை, இப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து. அந்த இடத்தில் நிற்பது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள எனக்கு இவ்வளவு வயது ஆகியிருக்கிறது.

"பொண்ணோட மார்க்குல கை வைக்க வேண்டாம்" என்றார் கடைசியாக. "மீதியை நாம தனியாப் பேசணும். நோட்டுக் கட்டு முழுசும் என் ரூமுக்கு வரட்டும்."

வெளியே வந்ததும் அவள் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் பதறி எழுந்து, "ஐயோ, நீங்க போயி... பரவால்லீங்க டீச்சர்" என்றார். அந்தப் பெண் பரவாயில்லை என்று சொல்லவில்லை. சாவி மாமா சாவிக்கொத்தைப் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல், நோட்டுக் கட்டை எடுக்கப் போனார்.

மறுநாள் அதே வகுப்பை மறுபடி ஆய்வகத்துக்குக் கூட்டிவந்தேன். தவறு யாருடையது என்று சொன்னேன். முன்வரிசையில் ஒரு பையன், "அப்ப எங்களுக்கு முழு மார்க்கா டீச்சர்?" என்றான், வகுப்பு சிரித்தது. இன்னொருத்தி எழுந்து போய் ஜன்னலோர மேசைக்கு முன் நின்று, "ஏய் கோட்டான், நாலாவது ஆளா எங்க மேசைக்கு வர்றியா? ஒருத்தி லீவு" என்றாள். அந்தப் பெண் வேண்டாம் என்று தலையசைத்தாள். தனியாகச் செய்யவே அவளுக்குப் பிடித்திருந்தது போல. அதையும் நான் அப்போதுதான் கவனித்தேன்.

எல்லோரும் பார்க்க முன்மேசையில் குண்டைப் பிடித்து இழுத்தேன். இந்த முறை இருபது வரை எண்ணிக் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன். அவள் இன்று முதுகைக் காட்டவில்லை. என்னைப் பார்த்து நின்றாள். என் கையைப் பார்க்கவில்லை, குண்டைப் பார்க்கவில்லை. விடும்போது நான் என்ன சொல்லப்போகிறேன் என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், கொஞ்சமும் நம்பாமல்.

குண்டை விட்டேன்.

"பூஜ்யம்" என்றேன்.

அவள் பார்வை நகரவில்லை. இருபது வரை வர வேண்டுமே.